கூடையோடு வாசலில் நின்றவள்

வீட்டில் எனக்கு முந்திரிக்கொட்டை என்று ஒரு பெயர் உண்டு. யாராவது கேள்வியைக் கேட்டு முடிப்பதற்குள் பதிலைச் சொல்லிவிடுவேன். அந்தப் பதில் சரியா தப்பா என்பது எனக்கு ஒருநாளும் கவலையாக இருந்ததில்லை. பள்ளிக்கூடத்தில் இந்தக் குணத்துக்குப் பெரிய மரியாதை கிடையாது. வகுப்பில் பாதி நேரம் வாயில் விரல் வைத்து உட்காரும் தண்டனையில்தான் இருப்பேன். ஏழாம் வகுப்பில் புது ஓவிய மிஸ் வந்த பிறகுதான் என் வாய்க்கு ஒரு நல்ல காலம் பிறந்தது.

அன்னூரில் நாங்கள் படித்த பள்ளிக்கூடத்தில் அதுவரை ஓவிய வகுப்பு என்றால் ஒரு மாம்பழம், ஒரு பானை, இல்லாவிட்டால் இரண்டு மலைகளுக்கு நடுவே சூரியன். அதுவும் கணக்கு சார் அந்தப் பீரியடைப் பிடுங்கிக்கொள்ளாத வாரங்களில் மட்டும். புது மிஸ் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். முதல் நாள் சுருட்டி எடுத்து வந்த பெரிய படம் ஒன்றைக் கரும்பலகையில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டார். நாங்கள் அவசர அவசரமாகப் பென்சில் சீவிக்கொண்டு நிமிர்ந்தோம்.

“யாரும் வரைய வேண்டாம். பார்த்தா போதும்” என்றார்.

பார்த்தால் போதும் என்று ஒரு பாடம் இருக்க முடியும் என்பதே எங்களுக்குப் புதிது. கொஞ்ச நேரம் சத்தமே இல்லாமல் பார்க்க வேண்டும். பிறகு அவர் கேட்பார். படத்தில் யார் யார் இருக்கிறார்கள், இதற்கு முன்னால் என்ன நடந்திருக்கும், இனிமேல் என்ன நடக்கும். யார் என்ன பதில் சொன்னாலும் சரி என்றோ தப்பு என்றோ சொல்ல மாட்டார். “படத்துல எங்க இருக்கு? வந்து தொட்டுக் காட்டு” என்பார். கைடு பார்த்துப் பதில் எழுதிப் பழகிய எங்களுக்கு இது கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலத்தான் இருந்தது. ஆனால் ருசி கண்டுவிட்டோம். ஒரு மாட்டுவண்டியும் அதனடியில் தூங்கும் நாயும் மட்டும் இருந்த படத்தில், வண்டிக்காரர் எங்கே என்று மிஸ் கேட்க, அவர் கொல்லைக்குப் போயிருக்கிறார் என்று ஒருவன் நிரூபித்தான். வண்டியில் செம்பு மாட்டும் கொக்கி இருக்கிறது, செம்பைக் காணோம் என்று அவன் தொட்டுக் காட்டியபோது மிஸ்ஸுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அப்படி ஒரு நாள்தான் அந்தக் கல்யாணப் படம் வந்தது.

ஒரு கூடம். மாலை போட்ட ஒரு ஆள் மணையில் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் சிவப்புப் பட்டு உடுத்திய பெண், தலை நிறையப் பூ. சுற்றிலும் சொந்தபந்தங்கள். வலது ஓரத்தில் வாசல். அங்கே சாதாரணச் சேலை கட்டிய ஒரு பெண், மூடி போட்ட கூடை ஒன்றை இடுப்பில் வைத்தபடி நிற்கிறாள். ஒரு கால் படிக்கு உள்ளே, ஒரு கால் வெளியே. எந்த ஊர்க் கல்யாணம், வரைந்தது யார் என்றெல்லாம் மிஸ் சொல்லவில்லை.

“மாப்பிள்ளை யாரு, பொண்ணு யாரு?” என்று மிஸ் கேட்டார். சுலபமான கேள்வியோடு தொடங்குவோம் என்று நினைத்திருப்பார் பாவம்.

“மாப்பிள்ளை அவுருங்க. பொண்ணு இன்னும் வரலீங்க மிஸ்” என்றது வகுப்பு, ஒரே குரலில்.

மிஸ் படத்தைத் திரும்பிப் பார்த்தார். “அப்ப பக்கத்துல பட்டுச்சேலையில உக்காந்திருக்கிறது?”

“அது மாப்பிள்ளையோட அக்காங்க மிஸ்!”

“தங்கச்சியாக்கூட இருக்கலாமுங்க” என்று ஒருத்தி திருத்தினாள்.

மிஸ் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அக்கா எதற்குக் கல்யாணப் பெண் மாதிரி தம்பி பக்கத்தில் உட்காருவாள் என்று அவர் கேட்க, ஆளாளுக்கு எழுந்து இணைச்சீரை விளக்கத் தொடங்கினோம். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் தாலி கட்டுவதற்கு முன்னால் அப்படி ஒரு சீர் உண்டு. மாப்பிள்ளையின் கூடப் பிறந்தவள் பட்டுடுத்தி, பூ வைத்து, மூடி போட்ட கூடையோடு வந்து அவன் பக்கத்தில் நிற்பாள். மணப்பெண்ணுக்கு எடுத்த கூறைச்சேலை அவளையும் அவனையும் சேர்த்துப் பிடித்திருக்கும். நாளைக்குப் பெண்டாட்டி வந்தாலும் கூடப் பிறந்தவளை விட்டுவிட மாட்டேன் என்று அவன் எல்லாருக்கும் முன்னால் ஒப்புக்கொள்வதாக அதற்கு அர்த்தம். இணைச்சீர் செய்ய ஆள் இல்லாமல் எங்கள் ஊரில் கல்யாணம் நடக்காது. எனவே மாப்பிள்ளை பக்கத்தில் பட்டுச்சேலையில் ஒரு பெண் இருந்தால் அவள் அக்காதான் என்பதில் எங்களுக்கு ஒரு சந்தேகமும் இல்லை. உலகம் முழுக்க அப்படித்தான் என்று நினைத்திருந்தோம்.

“இந்தப் படத்த நான் வேற ஊர்லயும் காட்டியிருக்கேன். ஒரு பிள்ளைகூட இப்படிச் சொன்னதில்ல” என்று மிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரித்துச் சிரித்து வந்த கண்ணீர் அது. “சரி, வாசல்ல நிக்கிறது யாரு?”

சமையல்காரம்மா என்றார்கள் சிலர். பூக்காரி என்றார்கள் சிலர். நான் கையைத் தூக்காமலே எழுந்துவிட்டேன்.

“அவங்கதானுங்க மிஸ் நெசமான அக்கா. உள்ள உக்காந்திருக்கறது நெசமான அக்கா இல்லீங்க. அவங்களுக்குப் பதிலா யாரையோ உக்கார வச்சுப்போட்டாங்க.”

“எங்க இருக்கு? தொட்டுக் காட்டு.”

நான் போய்க் கூடையைத் தொட்டேன். இணைச்சீர்க் கூடை கூடப் பிறந்தவளிடம்தான் இருக்க வேண்டும். உள்ளே இருப்பவள் பக்கத்தில் கூடை இல்லை, வாசலில் நிற்பவளிடம் இருக்கிறது. ஆகவே அவள்தான் அக்கா. வகுப்பு வாயைப் பிளந்தது. எனக்கும் என் மூளையை நினைத்துப் பெருமை தாங்கவில்லை.

“பதிலா ஏன் உக்கார வச்சாங்க?” என்றார் மிஸ்.

“அவங்க புருசன்கூட இல்லீங்க மிஸ். அதனால நிக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க.”

இதைப் படத்தில் எங்கே தொட்டுக் காட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. மிஸ்ஸும் கேட்கவில்லை. என்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “உக்காரு” என்றார்.

அந்தக் கதையைப் படத்திலிருந்துதான் கண்டுபிடித்தேன் என்று அன்றைக்கு யார் கேட்டாலும் சத்தியம் செய்திருப்பேன். வீட்டில் அப்போது சித்தப்பாவின் கல்யாண வேலை நடந்துகொண்டிருந்தது. சித்தப்பாவுக்கு ஒரே அக்கா, என் அத்தை. அவரைச் சோமனூரில் தறிப்பட்டறை வைத்திருந்த மாமாவுக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அங்கே சில வருசம் இருந்துவிட்டு, ஒரு நாள் காலை ஒரே ஒரு பையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். புருவத்துக்கு மேலே தையல் போட்டிருந்தது. கேட்டேன். குளியலறைக் கதவு இடித்துவிட்டது என்றார். அதற்கு முந்தின பொங்கலுக்குக் கையில் கட்டோடு வந்தபோதும் அதே கதவைத்தான் சொன்னார். அந்த வீட்டுக் கதவு மேல் எனக்கு மகா கோபம். ஒரு தச்சரைக் கூட்டிப் போய்ச் சரி செய்யக் கூடாதா என்று அப்பாவிடம் கேட்டேன். அப்பா தோட்டத்துக்குப் போய்விட்டார்.

அத்தை சோமனூருக்குத் திரும்பிப் போகவில்லை. எங்கள் வீட்டிலும் அதிக நாள் இருக்கவில்லை. துடியலூரில் ஒரு மோட்டார் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, பக்கத்திலேயே மாடியில் ஓர் அறை எடுத்துக்கொண்டார். ‘வாழாவெட்டி’ என்ற சொல்லை முதன்முதலில் அந்தச் சமயத்தில்தான் கேட்டேன். ஏதோ நோயின் பெயர் என்று நினைத்தேன்.

நோயாக இருந்தாலும் அத்தைக்கு அது நல்லது செய்ததாகவே எனக்குத் தோன்றியது. விடுமுறை நாட்களில் என்னைத் துடியலூருக்கு அனுப்புவார்கள். அந்த அறை என் சொர்க்கம். ஒரே ஜன்னல்தான், ஆனால் அதில் நின்றால் மேட்டுப்பாளையம் போகிற ரயில் தெரியும். ரயில் வரும் நேரம் அத்தையும் ஓடி வந்து என்னோடு நின்றுகொள்வார். மூலையில் ஒரு ஸ்டவ், ஒரு பாய், கம்பெனி அடையாள அட்டை தொங்கும் ஓர் ஆணி, அவ்வளவுதான் சாமான். அங்கே அத்தை சத்தமாகப் பாடுவார். காலையில் தோசையை இட்லிப்பொடியோடு சுருட்டிக் கையில் கொடுத்துவிட்டு, தானும் நின்றபடியே தின்பார். எங்கள் வீட்டில் பெண்கள் யாரும் நின்றபடி தின்று நான் பார்த்ததில்லை. பெரியவளானதும் எனக்கும் இப்படி ஓர் அறை வேண்டும் என்று கேட்டு வைத்திருந்தேன். சிரித்தபடி தலையைத் தடவினார்.

சித்தப்பாவின் கல்யாணம் முடிவானதும் இணைச்சீர் பேச்சு வந்தது. புருசனோடு இல்லாதவள் சீருக்கு நிற்கலாமா என்று ஒறம்பறையில் யாரோ கேட்டுவிட்டார்கள். சொந்தபந்தத்தைத்தான் எங்கள் பக்கம் ஒறம்பறை என்போம். கேள்வியைக் கேட்டவர் மறந்திருப்பார். எங்கள் வீட்டில் அது கிளம்பாத விருந்தாளியாக உட்கார்ந்துகொண்டது. கடைசியில் ஒன்றுவிட்ட முறையில் அக்காவாகும் திருப்பூர்க்காரர் ஒருவரை நிற்க வைப்பதாக முடிவாயிற்று. அத்தையிடம் அதை யார் சொல்வது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அப்பா கெட்டவர் இல்லை. தங்கை மேல் உயிரையே வைத்திருந்தவர்தான். ஆனால் ஊர் வாய்க்குப் பயப்படுவார். சமையலறையில் அம்மாவிடம் அவர் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது.

“நானா வேண்டாங்கறேன்? நாலு பேரு சொல்லுவாங்கல்லொ?”

“அந்த நாலு பேரு சோமனூருக்குப் போயி அவளக் காப்பாத்துனாங்களாக்கும்?” என்றார் அம்மா.

சித்தப்பா எதுவும் பேசாதவர். ஒரே ஒரு தடவை, “எனக்கு அக்கா நின்னாத் தேவலைங்கண்ணா” என்றார். சொல்லிவிட்டுப் பைக்கை எடுத்துக்கொண்டு எங்கோ போய்விட்டார். இதெல்லாம் என் காதில் விழுந்துகொண்டே இருந்தது. வீட்டுப்பாடம் எழுதுகிற பிள்ளைக்குக் காது கேட்காது என்று எல்லா வீட்டிலும் நினைக்கிறார்கள்.

அடுத்த ஓவிய வகுப்பில் மிஸ் மறுபடி அதே படத்தை மாட்டினார். அந்த மாதக் கடைசியில் பெற்றோர் வருகிற நாள் இருந்தது. இந்தப் படத்தை நாங்களே நடித்துக் காட்டப் போகிறோம் என்றார். படத்தில் இருப்பது போலவே அசையாமல் நிற்க வேண்டும். மிஸ் வந்து யார் தோளைத் தொடுகிறாரோ அவர் மட்டும் தன் மனதில் இருப்பதைச் சொல்ல வேண்டும். கடைசியில் எல்லாரும் சேர்ந்து, படத்துக்குப் பிறகு என்ன நடக்கிறது என்பதையும் நடித்துக் காட்ட வேண்டும்.

“வாசல்ல நிக்கிறவங்க உள்ள வந்துருவாங்க மிஸ்” என்றேன் உடனே. “எல்லாரும் அழுதுபோட்டு அவங்களையே நிக்க வச்சுருவாங்க.”

அப்போதுதான் ரியாஸ் கையைத் தூக்கினான். அவன் அப்பா பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் பாய்க்கடை வைத்திருந்தார், கோரைப்பாய், ஜமக்காளம், தலையணை எல்லாம் விற்கும் கடை. இணைச்சீர் விவகாரத்தில் அவன் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. அவர்கள் வீட்டுக் கல்யாணத்தில் அந்தச் சீர் கிடையாது. அதனால் எங்களுக்கெல்லாம் கண்ணை மறைத்தது அவனுக்கு மறைக்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது.

“அவங்க உள்ள வரலீங்க மிஸ். வெளிய போறாங்க.”

“எங்க இருக்கு?”

அவன் போய் அவள் பாதத்தைத் தொட்டான். வெளியே இருந்த கால் தெருவைப் பார்த்துத் திரும்பியிருந்தது. நாங்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை. பிறகு உள்ளே இருப்பவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனான். “ஒருத்தர்கூட அவங்களப் பாக்கலீங்க. கூப்புட்டிருந்தா ஒருத்தராச்சும் திரும்பியிருப்பாங்கல்ல? அவங்க மூஞ்சியும் அழுகற மூஞ்சி இல்லீங்க மிஸ். கூடைய வச்சுப்போட்டு பஸ் ஏறிப் போயிருவாங்க. அவங்களுக்கு அங்க வேலை இருக்கும்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கண்டுபிடித்தவள் நான், முடிவு மட்டும் இவனுடையதா?

“பஸ் ஏறிப் போயிட்டா கல்யாணச் சோறு?” என்றேன்.

வகுப்பே கொல்லென்று சிரித்தது. அதோடு ரியாஸின் முடிவு தோற்றது. எதை நடிக்கலாம் என்று மிஸ் கையைத் தூக்கச் சொன்னபோது அவனுக்கு அவன் பெஞ்சுக்காரன் மட்டும்தான் கை தூக்கினான், அதுவும் பாதியில் இறக்கிவிட்டான். எங்கள் ஊரில் சாப்பிடாமல் ஒருத்தி கல்யாண வீட்டைவிட்டுப் போவதை யாராலும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. எது சரியான முடிவு என்று மிஸ்ஸைக் கேட்டோம். “படம் அதோட நின்னு போச்சு. மீதி உங்க பாடு” என்று சொல்லி அவர் தப்பித்துக்கொண்டார்.

பெற்றோர் நாளன்று அப்பாவும் அம்மாவும் பத்திரிகை வைக்கக் காங்கயம் பக்கம் போக வேண்டியிருந்தது. பள்ளிக்கூடத்தில் என்னோடு உட்கார ஆள் வேண்டுமே என்று நான் அழுததில், அத்தை கம்பெனியில் லீவு சொல்லிவிட்டுத் துடியலூரிலிருந்து பஸ் பிடித்து வந்தார். அத்தைக்கு அதற்குள் இணைச்சீர் செய்தி போயிருந்தது. சொன்னது சித்தப்பா. அது எனக்குத் தெரியாது. அத்தை என் தலையில் கனகாம்பரம் வைத்துவிட்டு, முன் வரிசையில் போய் உட்கார்ந்தார்.

நாங்கள் படமாக நின்றோம். மிஸ் முதலில் மாப்பிள்ளையின் தோளைத் தொட்டார்.

“எனக்குப் பசிக்குதுங்க” என்றான் மாப்பிள்ளை. பெற்றோர் பக்கம் ஒரே சிரிப்பு.

பட்டுச்சேலைக்காரியைத் தொட்டார். “சேலை குத்துதுங்க. எப்ப முடியும்?” இதற்கும் சிரிப்பு.

பிறகு என் தோளைத் தொட்டார். வீட்டிலிருந்து கொண்டுவந்த பூக்கூடை என் இடுப்பில் இருந்தது. மனப்பாடம் செய்திருந்ததைக் கணீரென்று சொன்னேன்.

“என்ற தம்பிக்குக் கல்யாணம். என்ற கூடையைத்தான் நான் கொண்டாந்திருக்கறேன். எனக்குப் பதிலா யாரோ உக்காந்திருக்கறாங்க. நானும் உள்ள வாரனுங்க.”

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. நான் படியைத் தாண்டி உள்ளே போனேன். பட்டுச்சேலைக்காரி எழுந்து இடம் விட்டாள். எல்லாரும் அழ வேண்டிய இடத்தில் எல்லாரும் இளித்தார்கள். ஆனாலும் கைதட்டல் பலமாக இருந்தது. பார்த்தவர்களில் யாருக்காவது ஏதாவது கேட்க வேண்டுமா என்றார் மிஸ். பெற்றோர் யாரும் இப்படிப்பட்ட இடத்தில் வாய் திறப்பதில்லை. அத்தை திறந்தார்.

“ஏங் கண்ணு, அவள உள்ள யாராச்சும் கூப்புட்டாங்களா?”

ரியாஸ் என்னைப் பார்த்தான். அவன் கேட்ட அதே கேள்வி. அத்தையும் அவனோடு சேர்ந்துகொண்டது போல எனக்கு ரோசம் வந்தது. நான் யோசிக்கவே இல்லை.

“கூப்புடலீங்க. அவங்களே வந்துட்டாங்க. இல்லாட்டிப் போனா தம்பி தனியா நிக்கோணுமில்லீங்க?”

மறுபடியும் கைதட்டினார்கள். அத்தை தட்டவில்லை. மடியில் இருந்த பையின் காதைத் திருகிக்கொண்டே இருந்தார். மிஸ் என்னிடமிருந்து கூடையை வாங்கிக் கீழே வைத்தார். அவர் முகத்தைப் பார்த்தால் நான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டது போல இருந்தது, ஆனால் அப்படி ஒன்றும் சொல்லவில்லையே என்று சமாதானம் செய்துகொண்டேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போகையில் அத்தை என் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். வலித்தது. “அந்தக் கதை உனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?” என்று கேட்டார்.

“நானேதானுங்க.”

“நெசமாலுமா?”

“சாமி சத்தியமா.”

என் தலையில் நழுவியிருந்த கனகாம்பரத்தைச் சரி செய்தார். பிறகு, “நல்ல கதைதாங் கண்ணு” என்றார். எனக்கு வாயெல்லாம் பல்.

அதற்கு அடுத்த வாரம் மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒரு கூடை ஆப்பிள், எனக்குப் பெரிய சாக்லேட். அவரோடு அவர்கள் பக்கத்துப் பெரியவர்கள் சிலர். அத்தையும் வரவழைக்கப்பட்டிருந்தார். வீட்டு முன்கூடமான ஆசாரத்தில் எல்லாரும் உட்கார்ந்து நெடுநேரம் பேசினார்கள். நடந்தது நடந்து போச்சு என்று ஒருவர் திரும்பத் திரும்பச் சொன்னார். மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காப்பி கொண்டுபோகச் சொன்னால் அம்மா அசையவில்லை, நான்தான் தட்டைத் தூக்கிக்கொண்டு போனேன்.

பிறகு அத்தை சமையலறைக்கு வந்தார். அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கை என்று கூப்பிடுவார்கள்.

“நான் போறேனுங்க நங்கை” என்றார்.

“நல்லா ரோசனை பண்ணித்தான் சொல்றயா அம்மிணி? ஒரு நாள் சீருக்காக வேண்டியா?”

“ஒரு நாள் சீரா அது?” என்றார் அத்தை. “நான் நிக்காமப் போனா அவன் ஆயுசுக்கும் அதையே நெனச்சுட்டிருப்பான். எனக்கு அவனையுட்டா யாரு?”

அம்மா அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அம்மாவுக்கு அத்தை மேல் ஏதோ கோபம் என்று நினைத்தேன். இவ்வளவு நல்லது நடக்கும்போது இந்த அம்மா மட்டும் ஏன் இப்படி இருக்கிறார் என்று எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

என் வார்த்தையால்தான் அத்தை அந்த முடிவை எடுத்தார் என்று சொல்ல எனக்கு இன்று துணிச்சல் இல்லை. பெரியவர்கள் எடுக்கும் முடிவுக்கு ஒரு குழந்தையின் பேச்சு மட்டும் காரணமாக இருக்காது. அப்பா அதற்கு முன்பே சோமனூருக்கு ஆள் அனுப்பியிருந்தார் என்று அம்மா சொல்வார். இருந்தாலும் பையின் காதைத் திருகிய அந்த விரல்கள் அவ்வப்போது நினைவுக்கு வருகின்றன. வந்தால் அன்றைக்கு எனக்கு வேலை ஓடாது.

அன்றைக்கோ எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. எல்லாம் என் கதைப்படியே நடந்தது. கல்யாண மண்டபத்தில் அத்தை அரக்கும் பச்சையும் கலந்த பட்டு உடுத்தி, தலை நிறைய மல்லிகையோடு, கூடையுடன் வந்து சித்தப்பா பக்கத்தில் நின்றார். சீர் நடத்தும் அருமைக்காரர் கூறைச்சேலையை எடுத்து இருவர் கையிலும் கொடுத்தார். எதுவும் பேசாத சித்தப்பா அக்காவின் முகத்தைப் பார்த்துக் கண் கலங்கினார். அப்பா தோள்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நாலு பேரும் வந்திருந்தார்கள், நாலு பேருக்கும் திருப்தி. பொம்பளைப் பிள்ளை ஒரு வழியாக வாழப் போய்விட்டாள் என்று பக்கத்துப் பந்தியில் ஒரு பாட்டி சொல்லிக்கொண்டே பாயசத்துக்கு இலையைத் தட்டினார். மாமா வெள்ளை வேட்டி சட்டையில் எல்லாரையும் கையெடுத்துக் கும்பிட்டு வரவேற்றுக்கொண்டிருந்தார். ரியாஸ் மட்டும் அங்கே இருந்திருந்தால் பார்த்தாயா என்று கேட்டிருப்பேன்.

சாயங்காலம் சோமனூருக்குக் கார் கிளம்பியது. மாமா முன்னால் உட்கார்ந்தார். அத்தை அதே பட்டுச்சேலையோடு பின்னால். நான் ஓடிப்போய் ஜன்னலைப் பிடித்துக்கொண்டேன்.

“முழுப்பரீட்சை லீவுக்குத் துடியலூர் வரட்டுங்களா அத்தை?”

மாமா திரும்பி, நல்ல குரலில்தான் சொன்னார். “இன்னி எதுக்குத் துடியலூரு? நம்மூட்டுக்கு வா சாமி, பெரிய ஊடு.”

“அப்ப உங்க ரூம்புங்க அத்தை?”

“அதையக் காலி பண்ணிப்போட்டேங் கண்ணு” என்றார் அத்தை. “வேலையிலிருந்தும் நின்னுட்டேன்.”

நான் இதை எதிர்பார்க்கவே இல்லை. என் கதையில் அந்த அறை வரவில்லை. ஜன்னல், ரயில், நின்றபடி தின்னும் தோசை எல்லாம் போய்விட்டது என்று புரிந்ததும் நடுரோட்டில் ஓவென்று அழ ஆரம்பித்தேன். அத்தை ஜன்னல் வழியே கையை நீட்டி என் தலையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அவரும் அழுதார். அவர் அப்படிக் குலுங்கி அழுது நான் பார்த்ததே இல்லை. சுற்றி நின்றவர்கள் எல்லாரும் நெகிழ்ந்து போனார்கள். அத்தை மேல் பிள்ளைக்கு எவ்வளவு பாசம், பிள்ளை மேல் அத்தைக்கு எவ்வளவு பாசம் என்று பேசிக்கொண்டார்கள். அப்பா வந்து என்னைத் தூக்கிக்கொண்டார். கார் போய்விட்டது.

எனக்குக் கொஞ்சம் குற்றவுணர்ச்சியாகக்கூட இருந்தது. அத்தை என்னைப் பிரிகிறோமே என்று அழுகிறார், நானோ ஒரு வாடகை அறைக்காக அழுகிறேனே என்று. நாங்கள் இருவரும் அதே அறைக்காகத்தான் அழுதுகொண்டிருந்தோம் என்பது எனக்குத் தெரியாது.